வெயிலுக்குத் தயாராகும் வீடு

லண்டனில் அக்டோபர் மாதம் வெயில் தொப்பி கேட்டால் கடைக்காரர்கள் நம்மைப் பரிவோடு பார்க்கிறார்கள். மோர்டன் கடைத்தெருவில் நானும் கஜன் அண்ணாவும் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் கம்பளிக் குல்லாய்தான். ஒரு கடையில் அதற்குள் கிறிஸ்துமஸ் மரத்தையே நிறுத்திவிட்டார்கள். அங்கே இருந்த பெண், "வெயிலுக்கா? எந்த வெயில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த தூறலைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்திரேலியா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "என்னையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்" என்றார். தொப்பி மட்டும் இல்லை.

நான் லண்டனுக்கு வந்தது ஊர் சுற்றிப் பார்க்க. சென்னையில் ஒரு வேலையை விட்டாயிற்று, அடுத்த வேலை நவம்பரில்தான். இடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு வராது. லண்டனில் கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் கூப்பிட்டான், கிளம்பி வந்துவிட்டேன். அண்ணி துஷா யாழ்ப்பாணத்துக் குடும்பம். புது வீடு கைக்கு வரும் வரை அண்ணனும் அண்ணியும் மோர்டனில் அண்ணியின் அப்பா அம்மாவோடு இருக்கிறார்கள். அதே வீட்டில்தான் எனக்கும் மாடியில் ஓர் அறை.

கஜன் அண்ணா, அண்ணியின் கூடப்பிறந்த மூத்தவர். முறைப்படி அவரை அத்தான் என்று கூப்பிட வேண்டுமாம். அண்ணியின் அம்மா முதல் நாளே திருத்தினார். நான் தப்பிலேயே நின்றுகொண்டேன். அந்த அம்மாவை எங்கள் வழக்கில் அத்தை என்றேன், அவர்கள் வழக்கில் மாமி. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன்.

கஜன் அண்ணா ஆஸ்திரேலியாவுக்குப் போகப்போகிறார், மாம்பழம் பறிக்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்கள், முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால், அங்கே போய் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் நாடு சுற்றிப் பார்க்க ஒரு விசா தருகிறார்கள். வொர்க்கிங் ஹாலிடே. அண்ணியின் அப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, அந்தப் பெயரே பிடிக்கவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் பேசுவார்.

"விடுமுறையெண்டா... விடுமுறை. வேலையெண்டா... வேலை. ரெண்டையும்... ஏன் குழைக்கிறாங்கள்?"

கஜன் அண்ணாவுக்கு ஜனவரியில் வயது முப்பத்தாறு. விசா வந்துவிட்டது. இதைத் தவறவிட்டால் இன்னொன்று கேட்க வயது இடம் தராது. நவம்பர் கடைசியில் பயணம்.

அண்ணி என்னை இதில் இழுத்துவிட்டார். "அண்ணை, மதுவைக் கேளுங்கோ. வேலூர்க்காரி. வெயிலுக்குள்ளயே வளந்தவள்."

அவ்வளவுதான், அந்த வீட்டின் வெயில் ஆலோசகர் ஆகிவிட்டேன். கஜன் அண்ணா வாங்கி வைத்திருந்ததைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையில்லாத பனியன்கள், அரைக்கால் சட்டைகள், கடற்கரையில் போடும் செருப்பு. லண்டன்காரர்களுக்கு வெயில் என்றால் கழற்றுவது. எங்கள் ஊரில் வெயில் என்றால் மூடிக்கொள்வது.

"இதெல்லாம் போட்டுட்டு மரத்தடியில நின்னீங்கன்னா சாயங்காலம் உங்களை வடாமா எடுத்துச் சம்படத்துல போட்டு வைக்கலாம்" என்றேன். "முழுக்கை. பருத்தி. வெளிர் நிறம். கழுத்துக்குப் பின்னாடி நனைச்ச துண்டு. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி."

"தாகம் எடுக்காமல் ஏன் குடிக்கவேணும்?"

"எடுத்ததுக்கு அப்புறம் குடிச்சா லேட்."

அவர் பள்ளிப் பையன் மாதிரி தலையாட்டினார். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் விடியற்காலை ஷிப்டுக்கு மேற்பார்வையாளர். பார்த்தால் சாது. ஆனால் அந்த வீட்டில் மணி அடித்தால், ஃபோன் அடித்தால், கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால், எல்லாம் அவர் பக்கம்தான் திரும்பும். தெருவில் இருக்கும் மற்றத் தமிழ்க் குடும்பங்களும் அப்படியே. "கஜன் தம்பி நிக்கிறாரோ? இந்த பெனிபிட் காசுக் கடிதம் என்ன சொல்லுது எண்டு ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ." வாரத்தில் இரண்டு தரம் ஷிப்ட் முடிந்த கையோடு காரில் வந்து, மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கைகால் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

தோட்ட வேலைக்கு வாங்கிய சப்பாத்து இரும்பு மாதிரி இருந்தது. சப்பாத்து என்றால் ஷூ. அதைப் பழக்குவதற்காகப் பூங்காவில் நடந்தோம். லண்டன் பூங்காக்களில் அக்டோபர் மாதத்துப் புல் காலை உள்ளே இழுக்கிறது. அவருக்குக் குதிகாலில் கொப்புளம், எனக்கு முழங்கால் வரை சேறு. வீட்டுக்கு வந்ததும் அவர், ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள், மண் ஒட்டியிருந்தால் விடமாட்டார்கள் என்றார்.

"எங்கட மண் அவையை என்ன செய்யுது?" என்று மாமி கேட்டார்.

"கிருமி வந்திடுமாம் அம்மா."

"முப்பது வருசமா இருக்கிறம், எங்களுக்கு ஒரு கிருமியும் வரேல்ல." சொல்லிக்கொண்டே பழைய பல்தேய்க்கும் பிரஷை எடுத்து, சப்பாத்தின் பள்ளங்களில் இருந்த சேற்றை எல்லாம் குத்திக் குத்தி எடுத்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன தோட்டம், எதையும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தியது.

அன்று மத்தியானம் முதல் பார்சல் வந்தது. எட்மண்டனிலிருந்து மாமிக்குத் தெரிந்த யோகம் அன்ரி, லண்டனை வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். எட்மண்டனிலிருந்து மோர்டன் வருவதற்குள் எங்கள் ஊரில் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கே போய்விடலாம். கையில் பழுப்பு டேப் சுற்றிய மூட்டை. ஆஸ்திரேலியாவில் மெல்பேணில் இருக்கும் அவருடைய மகளுக்கு.

"தம்பி மெல்பேணிலதானே இறங்கிறீர்?"

"இல்லை அன்ரி. குவீன்ஸ்லாந்து. தோட்டத்தில."

"அது பக்கத்திலதானே."

"லண்டனுக்கும் ரோமுக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு."

"அப்ப ஒரு லீவு நாளில போட்டு வரலாம்" என்று அன்ரி முடித்துவிட்டார். மூட்டையை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். "பாரமே இல்லைப் பாருங்கோ. பேத்திக்கு ரெண்டு சட்டை, பிளவுஸ், கொஞ்சம் வீட்டில வறுத்த கறித்தூள். அவ்வளவுதான்."

கஜன் அண்ணா வாயைத் திறப்பதற்குள் மாமி மூட்டையை வாங்கிக்கொண்டார். "ஓம் ஓம், தாங்கோ. அவன் கொண்டுபோய்க் குடுப்பான்."

எங்கள் ஊரிலும் சென்னைக்குப் போகிறவன் கையில் அரிசியும் ஊறுகாயும் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் இவர்களிடம் இது ஒரு சட்டம். விமானம் ஏறுகிறவரின் பெட்டி அவருடையது மட்டும் இல்லை. கேட்டால் மறுக்கக் கூடாது, வாங்கினால் சேர்த்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, இந்தியக் கடைகள் நிறைந்த சவுத்தாலுக்குப் போனோம். பருத்திச் சட்டைக்கு அங்கேதான் போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மோர்டன் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலின் கடைசி ஸ்டேஷன். எந்நேரமும் உட்கார இடம் கிடைக்கும் என்பதில் கஜன் அண்ணாவுக்கு அவர் போட்ட ரயில் மாதிரி ஒரு பெருமை. அந்தப் பெருமை பாதி வழி வரைதான். சவுத்தால் பக்கம் தண்டவாளத்தில் வேலையாம். ரயிலுக்குப் பதில் பஸ் என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பஸ் ஒரு ரவுண்டானாவில் மாட்டி நின்றது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் மனைவியிடம், "நடந்திருந்தால் இந்நேரம் போயிருப்போம்" என்றார். அந்த அம்மா, "போன வாரம் நடந்தோமே, அப்போது பஸ்ஸில் வந்திருக்கலாம் என்றாய்" என்றார். இந்தச் சண்டையைக் கேட்க நான் கடல் தாண்டி வந்திருக்கவே வேண்டாம்.

பஸ் நின்ற நேரத்தில் கஜன் அண்ணாவின் ஃபோன் மூன்று தரம் அடித்தது. ஒருவருக்குக் கார் இன்ஷூரன்ஸ் கடிதம். ஒருவருக்கு டாக்டரிடம் நேரம் எடுக்க வேண்டும். மூன்றாவது மாமி, தயிர் வாங்கி வரச் சொல்லி.

சவுத்தால் தெரு எனக்கு உடனே பிடித்துவிட்டது. நடைபாதையிலேயே ஜிலேபி பிழிகிறார்கள். குளிருக்கு அந்தச் சூடான சீனிப்பாகு விரலில் ஒட்டும்போது உலகத்தில் எதுவும் பெரிய பிரச்சினையாகத் தெரியாது. துணிக்கடைக்காரர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். வெள்ளைப் பருத்திக் குர்தாக்களை எடுத்துப் போட்டுவிட்டு, கஜன் அண்ணாவை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணம் எப்போது?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்லை. மாம்பழம் பறிக்க."

"வெள்ளையிலா?" அவர் நெஞ்சில் கையை வைத்தார். "மாங்காய்ப் பால் பட்டால் கறை போகாது, மகனே." சொல்லிவிட்டு வெளிர் நீலத்தில் தடித்த பருத்தியாக நாலு எடுத்துக் கொடுத்தார். வெயில் ஆலோசகரான நான் வாயை மூடிக்கொண்டேன். தொப்பியும் அந்தத் தெருவிலேயே கிடைத்தது, விளையாட்டுச் சாமான் கடையில். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வைக்கும் அகலமான வெள்ளைத் தொப்பி. சவுத்தாலில் அதற்கு மழைக்காலம் வெயில்காலம் கிடையாது.

தேநீர் குடிக்கும்போது நான் தொப்பியை அவர் தலையில் வைத்து ஒரு படம் எடுத்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"மது, நான் வேலையில இன்னும் சொல்லேல்ல."

"என்ன சொல்லல?"

"போறன் எண்டு. இந்தக் கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கவேணும். குடுத்தாப் பேந்து திரும்பேலாது. அந்த இடத்துக்கு வேற ஆக்களை எடுத்துப்போடுவினம்."

நான் ஜிலேபியைக் கீழே வைத்தேன். "அப்போ இந்த வாரமே குடுங்க."

"நான் இல்லாட்டி அப்பாவை ஆர் கொண்டுபோறது? துஷாவும் உன்ர அண்ணனும் வேலைக்குப் போயிடுவினம். அம்மா தனிய பஸ்சில ஏறினதே இல்லை."

"அப்புறம் எதுக்கு விசா வாங்கினீங்க?"

அவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஒருக்காவாவது ஃபோன் அடிச்சா, அது எனக்கில்லாமல் இருக்கவேணும்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. இருவரும் சிரித்துவிட்டோம். அவர் எடுத்துப் பேசினார்.

வீட்டுக்கு வந்து தொப்பியை உள்ளே வைக்க அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் இன்னொரு தொப்பி இருந்தது. வைக்கோல் நிறம், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"இது எப்போ வாங்கினீங்க?"

"அது போன முறை போக இருந்தபோது. அப்பாக்கு வாதம் வந்து ஏலாமல் போன வருசம்." புதுத் தொப்பியைப் பழையதன் மேலேயே கவிழ்த்துவிட்டு அலமாரியைச் சாத்தினார்.

அன்றிலிருந்து எனக்கு மாமி மேல் கோபம். இந்த மனிதர் போவதா வேண்டாமா என்று உள்ளுக்குள் கிழிந்துகொண்டிருக்கிறார், மாமியோ வருகிற பார்சலை எல்லாம் சிரித்த முகமாக வாங்கி அடுக்குகிறார். சிட்னிக்கு ஒரு கல்யாண ஆல்பம். பேர்த் நகரத்துக்குக் கம்பளிப் போர்வை. அந்த வெயிலுக்குக் கம்பளிப் போர்வை! கஜன் அண்ணாவின் சூட்கேஸை விரித்து வைத்து மாமியே அடைத்தார். மூன்றே நாளில் பெட்டி நிரம்பிவிட்டது. உள்ளே கஜன் அண்ணாவுடையது என்று சொல்ல ஒரு ஜோடிக் காலுறைதான். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமானுக்குக் கட்டுப்பாடு அதிகம், விதை, இலை எல்லாம் விடவே மாட்டார்கள், எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று நான் இணையத்தில் படித்துப் படித்துச் சொன்னேன். "ஓம் பிள்ளை" என்பார். மறுநாள் இன்னொரு பார்சல் வரும்.

புதன்கிழமை பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் பிஸ்கட் டின்னோடு வந்தபோது என்னால் முடியவில்லை. "அவர் போறதே இன்னும் உறுதியில்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர் மாமியைப் பார்த்தார். மாமியின் கை டின் மேலேயே நின்றது. பிறகு நிதானமாக, "பிள்ளைக்கு விளங்கேல்ல. அவன் போறான். நீங்கள் வையுங்கோ" என்றார். தேத்தண்ணி கொடுத்து, சுகம் விசாரித்து, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நான் குசினியில் புட்டுக்குத் தேங்காய் துருவுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"நீர் சொன்னது சரி பிள்ளை. அவன் வேலையில சொல்லேல்ல. எனக்குத் தெரியும்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"சொல்லியிருந்தா நித்திரை கொண்டிருப்பான். அறையில நடக்கிற சத்தம் கேக்குது." மாமி மாவை எடுத்துப் பெரிய கிண்ணத்தில் கொட்டினார். "போன முறை அவன் வெளிக்கிட்டபோது நான் ஆருக்கும் சொல்லேல்ல. கண்ணூறு படுமெண்டு பொத்தி வச்சன். பேந்து இவருக்கு ஏலாமல் வந்தது, அவன் நிண்டுட்டான். ஆருக்கும் தெரியாத பயணம், நிண்டதும் ஆருக்கும் தெரியாது. ஏன் தம்பி போகேல்ல எண்டு கேக்க ஒரு சனமில்லை."

அவர் சுடுதண்ணீரை மாவில் ஊற்றிக் குழைக்கத் தொடங்கினார்.

"அதுதான் இந்த முறை எட்மண்டன் தொடக்கம் ஈஸ்ட்ஹாம் வரைக்கும் நானே ஃபோன் அடிச்சுச் சொன்னன். சாமான் ஏதும் குடுத்துவிடப் போறியளோ எண்டு கேட்டதும் நான்தான். இத்தனை பேரின்ர சாமானைக் கையில வாங்கிப்போட்டு, போகேல்ல எண்டு ஆரின்ர முகத்தில முழிக்கிறது? வெக்கத்துக்கெண்டாலும் போவான்."

நான் துருவலைக் கையில் வைத்தபடி நின்றேன். மூன்று நாளாக அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் பொருமியது நான்தான். பெட்டி அடைந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் அடைத்தது அவரை வெளியே தள்ளுவதற்கு.

"அவரோட துணியெல்லாம் எங்க வைக்கிறது மாமி?"

"அதைப் பேந்து பாப்பம். முதல் அவன் போகட்டும்." குழைத்த மாவை விரலால் உதிர்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார். "நாளைக்கு நீர் சும்மாதானே? எனக்கு பஸ் பழக்கிவிடுவீரோ?"

மறுநாள் நானும் மாமியும் ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை போனோம். லண்டன் பஸ் பற்றி எனக்கே இரண்டு வாரப் படிப்புதான், ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மாமி கம்பளிக் கோட்டைக் கழுத்து வரை பொத்தானிட்டு, கைப்பையை நெஞ்சோடு பிடித்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். காரில் எத்தனையோ வருடம் போய் வந்த பாதை. எந்த முனையில் திரும்பும், எந்த வீட்டில் ரோஜா பூக்கும் எல்லாம் தெரியும். ஆனால் பஸ்ஸின் மாடியைப் பார்த்ததும், "உது கவிழாதோ?" என்றார்.

நான் உற்சாகத்தில் எதிர்த் திசைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ரோஜா வீடு வரவில்லை என்று கண்டுபிடித்தது மாமிதான். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய தொப்பிக்காரப் பெண்ணிடம் நான் விசாரிக்கப் போக, அவர் என்னை விட்டுவிட்டு மாமியிடமே நேராகச் சொன்னார்: "இறங்குங்கள். ரோட்டைத் தாண்டுங்கள். எதிர்ப் பக்கம் இதே நம்பர். நான் இருபது வருடம் இருந்தும் போன மாதம் இதே தப்பைச் செய்தேன்." மாமி அவருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். தயங்கவே இல்லை. கீழே இறங்கியதும் என்னிடம், "எனக்கு இங்கிலீஷ் தெரியும் பிள்ளை. கதைக்கிறதுக்குத்தான் எப்பவும் அவன் முந்திடுவான்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் பயிற்சி நாள். கஜன் அண்ணா ஷிப்ட் முடித்து வருவதற்கு முன்பே மாமி கிளம்பச் சொன்னார். அவருக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "சொன்னாக் கார் வந்திடும்."

மாமாவுக்கு ஒரு கையில் கைத்தடி, மறு கை மாமியின் தோளில். பஸ் வந்ததும் டிரைவர் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை நடைபாதைப் பக்கம் தாழ்த்தி, சரிவுப் பலகையை நீட்டினார். மாமா ஏறி உட்கார்ந்து, இறங்கும் வரை ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரில் அவர் எப்போதும் பின் சீட்டில் கண்மூடி இருப்பார் என்று மாமி சொன்னார். "உயரமா... இருக்கு" என்றார் மாமா.

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நான் வாயைத் திறந்தேன். மாமி என் மணிக்கட்டை அழுத்தினார். கணவர் பெயர், பிறந்த தேதி, எந்த அறை, எல்லாம் அவரே ஆங்கிலத்தில் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தார். "இன்றைக்கு மகன் எங்கே?"

"அவன் ஆஸ்திரேலியா" என்றார் மாமி.

நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெண், "ஓ, எவ்வளவு நல்லது" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் கண்ணாடிக் கதவு திறந்தது. கஜன் அண்ணா, வேலை ஜாக்கெட்டோடு, மூச்சு வாங்க. வீட்டில் ஆளைக் காணோம் என்று ஓடி வந்திருக்கிறார்.

மேசைப் பெண் அவரையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். மாமி அசரவில்லை. "இப்ப இல்லை. பிறகு" என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னார்.

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா நீ காரை எடுத்துக்கொண்டு வருவாய்."

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்."

நாற்காலியில் இருந்த மாமா தலையைத் தூக்கினார். சொல் வருவதற்கு நேரம் எடுத்தது. நாங்கள் மூவரும் காத்திருந்தோம். "அதுக்கு... இல்லை... தம்பி."

கஜன் அண்ணா கார்ச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பயிற்சி முடிந்து மாமா வெளியே வரும் வரை சுவரில் சாய்ந்து நின்றார்.

திரும்பும்போது கார் இருக்கிறது, ஏறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். "பஸ்சில வந்தனாங்கள், பஸ்சிலயே போறம். நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்று மாமி சொல்லிவிட்டு மாமாவோடு நிறுத்தத்துக்கு நடந்தார். நான் காரில் ஏறினேன். பஸ் கிளம்பியதும் கஜன் அண்ணா அதன் பின்னாலேயே காரை எடுத்தார். சாலை அகலமாக இருந்த இடத்திலும் முந்தவில்லை. பஸ் நின்ற நிறுத்தத்தில் எல்லாம் இவரும் நின்றார். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், லண்டனில் அது அபூர்வம். எங்கள் நிறுத்தத்தில் சரிவுப் பலகை நீண்டது. முதலில் கைத்தடி, பிறகு மாமா, கடைசியில் மாமி, டிரைவருக்குக் கை காட்டிவிட்டு.

"இடம் மாறி இறங்கேல்ல" என்றார் கஜன் அண்ணா. அவர் சொன்னது எனக்கா தனக்கேயா தெரியவில்லை.

மறுநாள் அவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது மாமி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார், நானும் அண்ணியும் பக்கத்தில் இருந்தோம்.

"அம்மா, சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"வேலையில."

மாமியின் கை மடிப்பிலேயே கொஞ்சம் தங்கியது. பிறகு அந்தத் துணியை முழுதாக மடித்து வைத்தார். "சரி. அந்த சூட்கேசைக் கீழ கொண்டு வா."

அவர் கொண்டுவந்ததும் மாமி பூட்டைத் திறந்து, ஆல்பம், போர்வை, யோகம் அன்ரியின் மூட்டை, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

"என்னம்மா செய்யிறியள்? ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"

"தபாலில அனுப்பிவிடுறன் எண்டு நான் சொல்லுவன். தபால் கந்தோருக்கும் அதே பஸ்தான்." நான் அண்ணியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் காட்டிக்கொடுத்துவிடுவேன்.

வெறும் பெட்டி கூடத்து நடுவில் திறந்து கிடந்தது. மாமி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் வந்ததிலிருந்து அந்த நாட்டைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் வந்தது.

"அங்க பாம்பு கனக்கவோ?"

"நிறையத்தான் இருக்கும் அம்மா."

"ராவில தனியவோ படுக்கிறது?"

"இல்லை. ஒரு அறையில ஆறு பேர்."

"எந்த ஊர்ப் பிள்ளையள்?"

"எல்லா நாட்டாக்களும் வருவினம்."

"ஆர் சமைக்கிறது?"

"அவனவன்தான்."

"நீயோ?" மாமி நிமிர்ந்து பார்த்தார். "சோத்துக்கு எவ்வளவு தண்ணி வைக்கிறது? சொல்லு பாப்பம்."

கஜன் அண்ணா யோசித்தார். தெருவுக்கே கவுன்சில் கடிதம் படித்துச் சொல்கிறவர். சுட்டுவிரலை மேலே தூக்கினார், அதில் எந்தக் கோடு வரை என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல, எங்கள் வீட்டில் குக்கர்.

மாமி முழங்காலைப் பிடித்து எழுந்து குசினிக்குள் போனார்.

"வா இஞ்ச" என்றார் உள்ளேயிருந்து. "இன்னும் கன நாள் இல்லை."

அவர் வேலை ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அரிசி களைகிற சத்தம் கேட்டது.